அடுப்புக்காரரின் கடைசிக் கல்

ஆய்வுக்கூடத்தில் அவளைச் சோப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. கதவுப் பிடியைத் தொட்டால் கை கழுவுவாள். கழுவிய கையால் குழாயை மூடினோமே என்று இன்னொரு தடவை கழுவுவாள். முகத்தில் பவுடரோடு யாராவது உள்ளே வந்தால் வந்த வழியே திருப்பி அனுப்புவாள், அது துறைத் தலைவராக இருந்தாலும் சரி. இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்துவது லேசில்லை. ஆனால் அந்த வேலைக்கு இந்தக் கிறுக்குதான் வேண்டும் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

முன்பு அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் இருந்தவள். வில்லையை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை. எள்ளுப் போன்ற திருகைக் கூட நடுக்கமில்லாமல் முடுக்குவாள். ஆய்வுக்கூடப் பேராசிரியரின் கண்ணாடி அடிக்கடி கழன்று விழும்; அவள் கடைக்குத்தான் கொண்டு ஓடுவார். அந்தக் கையை அவருக்கு அப்படித்தான் தெரியும். அவள் புருஷனையோ அதற்கும் முன்பே தெரியும், ஏனென்றால் அவர் அதே ஆய்வுக்கூடத்தின் கீழ்த்தளத்தில் அடுப்பு பார்த்தவர்.

அடுப்பு என்றதும் சமையலறைக்குப் போய்விட வேண்டாம். ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும் மின் உலை அது. பிஸ்மத்தையும் செலினியத்தையும் எடை போட்டுக் குவார்ட்ஸ் குழாயில் இட்டு, காற்றை உறிஞ்சி, குழாயின் வாயை நெருப்பால் உருக்கி அடைத்து, உலைக்குள் இறக்குவார். உருகியதை நாள்கணக்கில் ஆற விடுவார். அவசரப்பட்டால் எல்லாம் பாழ். கடைசியில் குழாய்க்குள் கறுப்பாக, கண்ணாடி போல மின்னிக்கொண்டு ஒரு கட்டி கிடைக்கும். அதைப் படிகம் என்று பேராசிரியர் சொல்வார், கல் என்று மற்றவர்கள் சொல்வார்கள். நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரியும். அடுப்புக்காரர் வீடு திரும்பும்போது சட்டையில் அழுகிய முள்ளங்கி நாற்றம் அடிக்கும். செலினியத்தின் கைங்கரியம். அந்தச் சட்டையை அவள் தனி வாளியில்தான் ஊறப்போடுவாள்.

சாப்பிடும்போது அவர் அந்தக் கல்லின் பெருமையை எடுத்து விடுவார். அதன் உள்ளே மின்சாரம் ஓடாதாம், மேல்தோலில் மட்டும் ஓடுமாம். அப்படியென்றால் மேலே ஏதோ பூசியிருக்கிறீர்கள் என்பாள் அவள். பூச்சும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, முழுக்க ஒரே சரக்குதான் என்பார். இரண்டாக உடைத்தால்? உடைத்த இடம் இப்போது வெளியே வந்துவிட்டதல்லவா, அதன்மேலும் ஓடும். அதையும் உடைத்தால்? அங்கேயும் ஓடும். இத்தனை நேரம் உள்ளே இருந்தபோது ஓடாதது வெளியே வந்ததும் எப்படி ஓடும், வேறு யாரிடமாவது போய்க் காது குத்துங்கள் என்று சொல்லிவிட்டு அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவர் சிரிப்பார். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் சண்டை ஓய்ந்ததே இல்லை.

அவருக்கு ஒரு குறை இருந்தது. செலினியம் நிலையாக உட்காராத பேர்வழி. உலைச் சூட்டில் கொஞ்சம் கழன்று ஓடிவிடும். அது விட்டுப்போன காலி இடங்களால் கல்லின் உள்ளேயும் மின்சாரம் கசியும். உள்ளே கசிந்தால் பிறகு மேல்தோலின் பெருமையை யார் பார்ப்பது? அவர் செய்த கல் எல்லாமே கொஞ்சமாவது கசிந்தது. கல் வாங்கும் வெளியூர் ஆய்வுக்கூட ஆட்கள் வாயார நல்லா இருக்கு என்பார்கள், அடுத்த தடவை வேறு இடத்தில் வாங்குவார்கள். அது அவரை அரித்துக்கொண்டே இருந்தது. கடைசியாக ஒரு குழாயில் சரக்கின் அளவை மாற்றினார், ஆற விடும் வேகத்தைப் பாதியாகக் குறைத்தார். இதை அவளிடம் மட்டும்தான் சொன்னார். குழாய் உலையை விட்டு வெளியே வந்த காலையில், அதை உடைத்துப் பார்க்குமுன், நின்ற இடத்திலேயே சரிந்து விழுந்தார். வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, நாக்கும் பாதி போயிற்று.

அதற்குப் பிறகுதான் பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தார். பரிதாபத்துக்குத்தான் கொடுத்தார் என்று நாலு பேர் பேசினார்கள். அவள் கல் உடைப்பதைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு தானாக அடங்கியது.

பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள அடுத்த தெருவிலிருந்து நாத்தனார் வருவாள். மாலையில் இவள் வீட்டுக்குள் காலை வைத்ததும், ஜன்னலோர நாற்காலியில் இருக்கும் அவர் புருவத்தைத் தூக்குவார். வேறு எதுவும் கேட்க மாட்டார். என் கல் எப்படி, அவ்வளவுதான். இவளும் இன்னும் பார்க்கலைங்க என்பாள். பொய்யில்லை. அந்தக் கட்டியில் உருப்படியான பாகம் கொஞ்சம்தான் தேறியது. அதிலும் ஒரு துண்டு ஒட்டும்போதே நொறுங்கியது. இன்னொன்று வேறோர் ஆய்வுக்கூடத்துக்குத் தபாலில் போய்ப் பொடியாகத் திரும்பி வந்தது. நடுவில் கல்லைப் படம் எடுக்கும் கருவி வேறு படுத்துக்கொண்டது. கடைசியில் மிஞ்சியது சுண்டுவிரல் நகத்தளவு ஒரே ஒரு துண்டு. அது கெட்டால் அந்த மனுஷனின் கேள்விக்கு இந்த ஜன்மத்தில் பதில் கிடையாது. இது அவளுக்குத் தெரியும், அதனால் ராத்திரித் தூக்கம் போய்விட்டது.

அந்தத் துண்டு பேராசிரியரிடம் படிக்கும் ஆராய்ச்சிப் பெண் ஒருத்தியின் பங்குக்கு வந்தது. பேனா மூடியைக் கடித்துக்கொண்டே யோசிக்கிற பெண். அவள் ஆராய்ச்சியே மேல்தோலைப் பற்றியதுதான். முதலில் புதிதாக உடைத்த முகத்தைச் சுத்தமாகப் படம் எடுக்க வேண்டும். பிறகு அதன்மேல் துளித் துளியாக நீராவியை விட்டு, மின்சாரம் ஓடும் விதம் எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். கேட்டதும் சோப்பக்காவுக்குச் சுருக்கென்றது. தூசி படாமல், மூச்சுக்காற்று படாமல் பொத்திப் பொத்தி வைத்த கல்லின்மேல் வேண்டுமென்றே தண்ணீரை விடுவதா? முதல் படம் சுத்தமாக வந்துவிட்டால் வீட்டுக் கேள்விக்கு அது போதும், அதற்குப் பிறகு இவர்கள் எதையோ ஊற்றிக் கொள்ளட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

கல் உடைப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்து நடந்தது புரியாது. கல்லை ஒரு தாங்கியில் ஒட்டி, அதன் தலையில் சின்னக் குச்சி ஒன்றைப் பசையால் நட்டு வைப்பார்கள். பசை விளிம்பில் வழிந்தால் தொலைந்தது. பிறகு அதை எஃகுச் சேம்பருக்குள் அனுப்பி, உள்ளே இருக்கும் காற்றையெல்லாம் பம்புகள் உறிஞ்சித் தள்ளிய பின், கடுங்குளிருக்கு இறக்குவார்கள். சேம்பருக்குள் நீளமான கோல் ஒன்று உண்டு. வெளியிலிருந்து கைப்பிடியால் அதை ஆட்டிக் குச்சியைத் தட்ட வேண்டும். குச்சி மேல் ஏட்டோடு பெயர்ந்து விழும். காற்றே தொட்டிராத புது முகம் திறக்கும். மெதுவாகத் தட்டினால் குச்சி அசையாது. ஓங்கித் தட்டினால் கல்லே பெயர்ந்து சேம்பரின் அடியில் போய் விழும்.

அன்று காலை அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். ஆராய்ச்சிப் பெண் அவசரப்படுத்தவில்லை. ஒரு தட்டு. குச்சி விழுந்தது. உள்ளே கல் பளீரென்று மின்னியது. முகம் பார்க்கலாம் போல அப்படி ஒரு வழவழப்பு. ஆராய்ச்சிப் பெண் பேனா மூடியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, அக்கா, இத்தனை அழகா ஒண்ணு உடைஞ்சு நான் பார்த்ததே இல்லை என்றாள். சோப்பக்காவுக்கு உச்சி குளிர்ந்தது. அங்கேதான் வினையும் பிடித்தது.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் சுத்தக் கிறுக்கு சும்மா இருக்க விடுமா? நீராவிக் குழாயின் வால்வு சரியாக மூடியிருக்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம். மூடித்தான் இருந்தது, காலையில் அவளே மூடியதுதான். இருந்தாலும் இன்னொரு முறை இறுக்கிவிட்டால் நிம்மதி. வால்வு சேம்பரின் பின்பக்கம் இருந்தது. சுற்றிக்கொண்டு போகாமல், நின்ற இடத்திலிருந்தே கையைப் பின்னால் வளைத்து, வழக்கம்போல வலப்பக்கம் திருகினாள். பின்னாலிருந்து பிடிக்கும்போது வலம் இடமாகிவிடும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. மூட நினைத்தவள் திறந்துவிட்டாள்.

அழுத்த மீட்டர் அலறியது. வெறிச்சோடிக் கிடந்த சேம்பருக்குள் நீராவி பாய்ந்தது. அவள் பாய்ந்து மூடிவிட்டாள்தான். ஆனால் பனிக்கட்டியைவிடக் குளிர்ந்திருக்கும் கல்லுக்கு அது போதும். வந்த ஈரமெல்லாம் அதன் முகத்தில் போய்ப் படிந்துவிட்டது. ஒரு படம் கூட இன்னும் எடுக்கவில்லை. மறுபடி உடைக்கலாம் என்றால் மிஞ்சிய ஏடு மெல்லிசு, குச்சி நட இடமில்லை.

சோப்பக்கா பேயறைந்த மாதிரி நின்றாள். ஆராய்ச்சிப் பெண் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. நான்தாம்மா, நான்தான் திறந்துட்டேன் என்று இவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வேறு யாராவது திறந்திருப்பார்கள் என்று யாரும் நினைக்கவும் இல்லை. அவளுக்குக் கண்முன்னே தெரிந்தது ஜன்னலோர நாற்காலியும் தூக்கிய புருவமும்தான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது?

பேராசிரியர் வந்தார். மீட்டரைப் பார்த்தார், கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். நீராவி விடுவதாகத்தானே இருந்தோம், நிறைய விட்டுவிட்டோம், அவ்வளவுதான், விளக்கைப் போடுங்கள், என்ன ஆயிற்றென்று பார்ப்போம் என்றார். கல் செத்துப்போயிருக்கும் சார் என்றாள் ஆராய்ச்சிப் பெண். செத்திருந்தாலும் முகத்தைப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்றார் அவர். ஆராய்ச்சிப் பெண்ணுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்துபோய்ப் புற ஊதா விளக்கைப் போட்டாள்.

இத்தனை நாளும் சோப்பக்கா கருவியின் திரைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. கல்லை ஒட்டினோமா, உடைத்தோமா, கை கழுவினோமா என்று இருந்தவள். அன்று நகர மனமில்லாமல் அங்கேயே நின்றாள். ஒளி பட்டால் கல்லின் தோலிலிருந்து எலக்ட்ரான்கள் தெறித்து வரும். அவை எந்தக் கோணத்தில், என்ன வேகத்தில் வந்தன என்று பார்த்து, கருவி ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாகத் திரையில் வைக்கும். முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள் விழுந்தன, காய்ந்த தரையில் மழை பிடிக்கும்போது விழுகிற மாதிரி. இதில் என்ன இருக்கிறது என்று அவள் நினைத்தாள். புள்ளிகள் கூடக் கூட ஒரு கோடு தெரிந்தது. அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இன்னொரு கோடு. யாரும் வரையவில்லை, யாரும் தொடவில்லை, அதுவாகவே வந்து நின்றது.

ஆராய்ச்சிப் பெண் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்கு அருகே வந்துவிட்டாள். "அக்கா, பாத்தீங்களா? அந்தக் கோடு அப்படியே இருக்கு. மேல்தோல்ல ஓடுற மின்சாரம்னா அதுதான்."

கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் இருக்க வேண்டிய உயரத்தைவிட வெகு கீழே இறங்கியிருந்தது. அதோடு, கோடுகள் மேலே விரித்த இரண்டு கைகளுக்கு நடுவில், ஒன்றுக்குள் ஒன்றாக வைத்த கிண்ணங்கள் போலப் புதிதாகச் சில வளைவுகள். கருவியையும் சேர்த்துக் கெடுத்துவிட்டோமோ என்று சோப்பக்காவுக்குப் பயம். அவள் கேட்டதும் பேராசிரியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கருவி கெடவில்லை, உங்கள் தண்ணீர்தான் இது என்றார். மேலே படிந்த ஈரம் கல்லின் தோலுக்கு எலக்ட்ரான்களை வாரிக் கொடுத்திருக்கிறது. அந்தக் கனத்தில் கோடுகள் கீழே இறங்கிவிட்டன. மிச்ச எலக்ட்ரான்கள் தோலுக்கு அடியில் ஒரு பள்ளத்தில் மாட்டிக்கொண்டு, படிப்படியாக அடுக்கி உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் படிகள்தான் கிண்ணங்களாகத் தெரிகின்றன.

அவள் கேட்டாள்: "இவ்வளவு தண்ணி பட்டும் அந்தக் கோடு ஏன் சார் அழியல?"

பேராசிரியர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு யோசித்தார். அவளுக்குப் புரிகிறபடி சொல்ல வேண்டும் என்பதற்காக யோசித்தாரா, தனக்கே இன்னும் வியப்பு தீராமல் யோசித்தாரா தெரியவில்லை.

"அது மேலே ஓடுதே தவிர, அதை ஓட வைக்கிறது உள்ளே இருக்கிற கட்டமைப்பும்மா. மேலே தண்ணி விடுங்க, உப்பு பூசுங்க, எடம் மாறும், கூட நாலு பேர் வந்து உக்காருவாங்க. அழியாது. காந்தம் மாதிரி எதையாவது கலந்தா வேற கதை. மத்தபடி உள்ளே இருக்கிறதையே மாத்தினாத்தான் அதை ஒழிக்க முடியும்."

சோப்பக்காவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. முள்ளங்கி நாற்றச் சட்டையோடு அந்த மனுஷன் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னதெல்லாம் சத்தியம். ஒரு வார்த்தை கூடக் கதையில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அடுப்பில் வைத்துச் செய்து கொண்டுவந்து சொன்னார், இவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். வெட்கமும் பெருமையும் ஒன்றாக வந்தன.

ஆனால் கேள்வி இன்னும் மிச்சம் இருந்தது. கல் உள்ளே கசிகிறதா இல்லையா? கசிகிற கல் என்றால் கோடுகளின் கைகளுக்கு நடுவே ஒளித் திட்டு ஒன்று அப்பிக் கிடக்கும். இப்போது அந்த இடத்தைக் கிண்ணங்கள் அடைத்துக்கொண்டிருந்தன. இவற்றை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று பேராசிரியர் உதட்டைப் பிதுக்கினார். அப்போதுதான் ஆராய்ச்சிப் பெண் பேனா மூடியைக் கடிப்பதை நிறுத்தினாள். குளிரில்தானே ஈரம் ஒட்டியது, மெதுவாகச் சூடு ஏற்றினால் விட்டுப் போகாதா என்றாள். ஒருவேளை போகலாம், ஒருவேளை கல்லோடு கலந்து கறையாகியிருக்கலாம், பார்ப்போம் என்றார் பேராசிரியர்.

சூடு ஏறியது. பம்புகள் உறுமின. சோப்பக்கா அந்தப் பகல் முழுக்கக் கை கழுவவில்லை. அது அவளுக்கே தெரியாது. மத்தியானச் சாப்பாட்டையும் மூன்று பேரும் மறந்துபோனார்கள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே இருந்த கிண்ணம் சுருங்குவது போலிருந்தது. கண் கட்டுகிறதோ என்று அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். சுருங்கித்தான் போனது, சுருங்கிச் சுருங்கி மேல்விளிம்பில் ஒரு புள்ளியாகி மறைந்தது. அதற்குப் பின்னால் அடுத்தது. கிண்ணங்கள் போகப் போகக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் மேலே ஏறியது. அவசரமே இல்லாமல், தண்ணீரில் அமுக்கிய மரக்கட்டை கையை விட்டதும் எழும்புவது போல ஏறியது. ஒரு கல், அவள் புருஷன் செய்த கல், தன் முகத்தைத் தானே துடைத்துக்கொண்டு எழுந்து வந்தது. கும்பிட வேண்டும் போலிருந்தது அவளுக்கு. பேராசிரியர் கூட மூச்சு விடாமல்தான் நின்றார்.

கடைசிக் கிண்ணமும் போனது. கோடுகள் மட்டும் நின்றன, மெல்லிசாக, கூர்மையாக. அவற்றின் கைகளுக்கு நடுவில் திட்டு இல்லை, புகை இல்லை, ஒன்றுமே இல்லை. சுத்தக் கறுப்பு.

"கசியல," என்றார் பேராசிரியர். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார். திருகு கழன்று தரையில் உருண்டது. அதைத் தேட யாருக்கும் தோன்றவில்லை.

ஆராய்ச்சிப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. தண்ணீர் படிந்திருக்கும்போதும் விட்டுப் போகும்போதும் மேல்தோல் என்ன பாடுபடுகிறது என்பதை ஒரே கல்லில் முழுசாகப் பார்த்தாகிவிட்டதே. அக்கா, நீங்க திறக்காம இருந்திருந்தா இவ்வளவு தூரம் போயிருக்கவே மாட்டேன் என்று சோப்பக்காவைக் கட்டிக்கொண்டாள். அதற்காக இனிமேல் தினமும் திறந்துவிடாதீர்கள் என்றார் பேராசிரியர். திரையைப் போனில் படம் எடுத்துக்கொள்ள சோப்பக்காவுக்கு அனுமதி கொடுத்தார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். வால்வு விஷயத்தை முதலில் சொல்வதா, படத்தை முதலில் காட்டுவதா? வேலையில் அலட்சியம் என்றால் அந்த மனுஷனுக்குப் பிடிக்காது. கோபம் வந்தால் திட்டக்கூட நாக்கு ஒத்துழைக்காது, உள்ளேயே வைத்துக்கொண்டு குமைவார்.

வீட்டுக்குள் நுழைந்ததும் புருவம் உயர்ந்தது. ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று. பார்த்தாச்சுங்க என்று சொல்லி, அவர் காலடியில் உட்கார்ந்து, குச்சி, வால்வு, தண்ணீர், கிண்ணங்கள் என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிட்டாள். எட்டிப் பார்த்த நாத்தனார் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இதுக்கா அண்ணி அண்ணன் இத்தனை வருஷம் அடுப்படியில கெடந்துச்சு, பெருக்கல் குறி மாதிரியில்ல இருக்கு என்றாள். அவர் பாதி வாயால் சிரித்தார்.

பிறகு இடது கையால் போனை வாங்கிக்கொண்டார். விரலால் படத்தைப் பெரிசாக்கினார். கோடுகளின் நடுவே இருந்த கறுப்பை வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கியது, ஆனால் பார்வையை எடுக்கவில்லை. அப்புறம் இன்னும் பெரிசாக்கி, கோட்டின் மேலேயே விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டு போனார், அடியிலிருந்து நுனிவரை. நடுவில் எங்கும் பிசிறில்லை. எந்த முகத்திலிருந்து எடுத்தார்களோ அது கோணலில்லாமல், பிளவில்லாமல் திறந்திருந்தால்தான் கோடு அப்படி வரும்.

விழுந்த நாளிலிருந்து ஒற்றைச் சொல்லுக்கே திணறியவர் அவர். இப்போது அவளைப் பார்த்து வாயைக் கூட்டினார். வால்வைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"யாரு... உடைச்சா?"

"நான்தாங்க."

அவர் போனை மடியில் வைத்துவிட்டு அவள் கையை எடுத்தார். உள்ளங்கையைத் திருப்பி, விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"நல்லா... உடைச்சிருக்க."

நாத்தனார் அண்ணன் பேசுது, அண்ணன் பேசுது என்று வாசலுக்கு ஓடினாள். சோப்பக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. கையை மட்டும் அவரிடமே விட்டுவைத்தாள்.